ரத்தத்துக்கு ஏன் மயோகுளோபின் போதாது?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கிறேன். 11-ஆம் வகுப்பில் சுவாசப் பாடம் நடத்தும்போது, தசையில் இருக்கும் மயோகுளோபின், ஹீமோகுளோபினைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி, “அப்படின்னா ரத்தத்துலயும் அதையே வெச்சிருக்கலாமே டீச்சர், எதுக்கு நாலு சங்கிலி போட்ட ஹீமோகுளோபின்?” என்று கேட்டாள். “இயற்கை அப்படி அமைத்திருக்கிறது” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. புரதத்தின் நான்காம் நிலை அமைப்பை, அதாவது பல சங்கிலிகள் சேர்ந்து ஒரே புரதமாக நிற்பதை, பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு மேல் எடுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. இன்னொரு விஷயம்: கோவையில் என் அம்மாவுக்கு ஆக்சிமீட்டரில் 98 காட்டியது. இங்கே வந்ததும் 93 காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா, இல்லை பயப்பட வேண்டுமா?
— ஓர் ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம், தலைசுற்றல், உதடு நீலம் பாய்வது எதுவும் இல்லையென்றால், ஊட்டி உயரத்தில் 93 என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. கருவியும் கெட்டிருக்காது. மேற்சொன்ன எதாவது ஒன்று இருந்தாலோ, எண் இன்னும் இறங்கிக்கொண்டே போனாலோ, அவருக்கு ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ சரியில்லை என்றாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த எண் ஏன் இறங்கியது, இறங்கினாலும் ஏன் அதோடு நின்றது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். உங்கள் மாணவியின் கேள்விக்கு உண்டான பதில்தான் அதற்கும்.

அந்தப் பெண் கேட்டது மிக நல்ல கேள்வி. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல வருடங்களாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட மாணவர்கள் மிகக் குறைவு. எந்த அழுத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனால் நிரம்புகிறது என்று காட்டும் வளைவை அழகாக வரைவார்கள், பெயர் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். எதற்காக அந்த வளைவு என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். அவள் அந்த இடத்தில் நேராகக் கை வைத்திருக்கிறாள்.

அவள் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: இறுக்கமாகப் பிடிப்பதுதான் நல்ல புரதம் என்பது. நாமும் பாடம் நடத்தும்போது “ஆக்சிஜனைப் பிடிக்கிறது, சுமக்கிறது” என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பிடித்ததை எங்கே, எவ்வளவு விட வேண்டும் என்ற பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நுரையீரலில் வாங்கியதைக் கால் தசையில் இறக்காத ரத்தம், மூட்டையை இறக்காமலே ஊர் ஊராகச் சுற்றிவரும் லாரி மாதிரிதான்.

இதை வாயால் சொல்வதைவிடக் கணக்காகப் போட்டுக் காட்டலாம். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை. மூன்று அழுத்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 100 மி.மீ. பாதரசம். சும்மா இருக்கும் உடலின் திசுக்களில் 40. ஓடுகிற காலின் தசையில் 20 என்று வைத்துக்கொள்வோம். மயோகுளோபினில் ஒரே ஒரு சங்கிலி, ஆக்சிஜன் உட்கார ஒரே ஓர் இடம். பாதி நிரம்ப அதற்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. அழுத்தம் போதும். அதனால் அதன் சூத்திரம் எளிது: அழுத்தத்தை, அழுத்தம் கூட்டல் 2.8 என்ற எண்ணால் வகுக்க வேண்டும். 100-இல் அது 97 சதவீதம் நிரம்பியிருக்கும். 40-இல் 93. ஓடும் தசையின் 20-இல்கூட 88.

அதாவது ரத்தத்தில் மயோகுளோபின் இருந்தால், ஓய்வில் அது இறக்குவது நூற்றுக்கு நான்கு. ஓடும்போதுகூட ஒன்பது, பத்துதான்.

அந்த நான்கு எவ்வளவு மோசம் என்று பாருங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜனைத் தாங்கும். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆக, நிமிடத்துக்கு 1,000 மி.லி. ஆக்சிஜன் புறப்பட்டுப் போகிறது. ஓய்வில் இருக்கும் உடல் அதில் 250 மி.லி. எடுத்துக்கொள்கிறது, அதாவது கால் பங்கு. நூற்றுக்கு நான்கு மட்டும் இறங்கினால் கிடைப்பது 40 மி.லி. பாக்கியை ஈடுகட்ட இதயம் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டியிருக்கும். நன்றாகப் பயிற்சி எடுத்த ஓட்டப்பந்தய வீரரின் இதயம் முழு வேகத்தில் ஓடும்போதுதான் அந்த அளவைத் தொடும். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே அத்தனை பாடு பட வேண்டியிருக்கும்.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மறித்துக் கேட்கும்: பிடி கொஞ்சம் தளர்ந்த ஒற்றைச் சங்கிலிப் புரதத்தை வைத்துக்கொண்டால் என்ன? அதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் பாதி நிரம்பும் அழுத்தம் ஏறத்தாழ 26. அதே சூத்திரத்தில் 2.8-க்குப் பதில் 26 போட்டால், 100-இல் 79, 40-இல் 61, 20-இல் 43. இறங்குவது கூடிவிட்டது, சரி. ஆனால் நுரையீரலிலேயே ஐந்தில் ஒரு பங்கு வண்டி காலியாகப் புறப்படுகிறது. இப்போது உண்மையான ஹீமோகுளோபினின் எண்களை எழுதுங்கள்: 100-இல் 98, 40-இல் 75, 20-இல் முப்பது சொச்சம். நுரையீரலில் முழுக்க நிரம்புகிறது, ஓய்வில் கால் பங்கு இறக்குகிறது, ஓடும்போது மூன்றில் இரண்டு பங்கை இறக்கிவிடுகிறது. நுரையீரலில் இறுக்கமான பிடி, தசையில் தளர்ந்த பிடி. ஒரே புரதத்துக்கு இரண்டு குணம் வேண்டும். தனித்து நிற்கும் ஒற்றைச் சங்கிலிக்கு அது வராது. அதற்காகத்தான் நான்கு.

இனி அந்த இரண்டு குணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். புரதத்தின் வடிவம் என்று நீங்கள் நடத்தும் பாடம் முழுக்க இங்கேதான் உயிர் பெறுகிறது.

ஒற்றைச் சங்கிலியிலிருந்து தொடங்குங்கள். மயோகுளோபின் 153 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அது எட்டு ஆல்பா சுருள்களாகச் சுருண்டு, மடங்கி, நடுவில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. அந்தப் பள்ளத்தில் தட்டு மாதிரி ஹீம். தட்டின் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான். அப்படியானால் புரதம் எதற்கு, ஹீம் மட்டும் போதாதா? போதாது. வெறும் ஹீமைத் தண்ணீரில் போட்டால், இரண்டு ஹீம்கள் ஓர் ஆக்சிஜனை நடுவில் வைத்துச் சேர்ந்து, இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து இரும்பு(III) என்ற நிலைக்கு மாறிவிடும். மாறிய இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்காது. தண்ணீர் எளிதில் புகாத அந்தப் பள்ளம்தான் ஒரு ஹீம் இன்னொரு ஹீமைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்று பாடத்தில் வரும் வரிக்கு இதுதான் பொருள். பிள்ளைகள் குழம்புகிற இடம் இது. இரண்டு முறை சொல்லுங்கள்.

மாலை எப்படி வேண்டுமானாலும் மடங்கிவிடாது என்பதையும் சொல்லலாம். ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் பெரும்பாலான திருப்பங்கள் நடக்காது. எவை நடக்கும், எவை நடக்காது என்று வரைபடம் போட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, 1963-இல். உலகில் எங்கே ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். உங்கள் வகுப்பில் இதைப் பெருமையாகவே சொல்லலாம்.

மயோகுளோபின் வடிவத்தைக் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ 1950-களின் கடைசியில் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே கொண்டு முப்பரிமாண வடிவம் அறியப்பட்ட முதல் புரதம் அதுதான். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையிலிருந்து எடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூட ஆழத்தில் இருக்கும் விலங்கு அது. அதன் தசை கறுப்பாகத் தெரியும் அளவுக்கு மயோகுளோபின் நிறைந்திருக்கும். நம் கண் முன்னாலும் உதாரணம் உண்டு. பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பு, தொடைக்கறி சிவப்பு. கோழி நடக்கும், நீண்ட தூரம் பறக்காது. நீண்ட தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சுக்கறியே கருஞ்சிவப்பு. கறியைக் கழுவும்போது வரும் சிவப்பு நீரை ரத்தம் என்கிறோம், பெரும்பாலும் அது மயோகுளோபின். தசைக்குள் இருந்துகொண்டு, ரத்தம் இறக்கியதை வாங்கி, அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே கொடுப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு இறுக்கமான பிடிதான் சரி. உங்கள் மாணவி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஹீமோகுளோபின் கதை இன்னும் நீளம். வியன்னாவில் பிறந்த மாக்ஸ் பெருட்ஸ், 1937-இல் பிராக் நகரில் பெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் என்ற வேதியியலாளரோடு பேசிய பேச்சில்தான் ஹீமோகுளோபின் பக்கம் திரும்பினார். அதன் வடிவம் மங்கலாகவாவது தெரிய 1959 ஆனது. ஏறக்குறைய 22 வருடங்கள். குதிரையின் ஹீமோகுளோபின் அது. பார்த்தால், அதன் நான்கு சங்கிலிகளும் ஒவ்வொன்றும் திமிங்கிலத்தின் மயோகுளோபினைப் போலவே மடங்கியிருந்தன. மாலையில் கோத்த அமினோ அமிலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறு வேறு. இருந்தும் மடிப்பு ஒன்று. 1962-இல் பெருட்ஸுக்கும் கெண்ட்ரூவுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஹௌரோவிட்ஸ் 1938-இல் பார்த்த ஒரு காட்சியை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை அவர் நுண்ணோக்கியில் வைத்திருந்தார். ஊதா நிற அறுகோணத் தகடுகள். கண்ணாடி ஓரத்திலிருந்து காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனது. போகப் போக அந்தத் தகடுகள் உடைந்து கரைந்து, வேறு வடிவத்தில் சிவப்புப் படிகங்கள் முளைத்தன. ஒரு படிகத்தைக் கட்டிய செங்கற்களின் வடிவமே மாறினால்தான் அந்தப் படிகம் உடையும். ஆக்சிஜன் என்பது ஹீமோகுளோபினோடு ஒப்பிட்டால் தூசி. ஹீமோகுளோபினின் எடை 64,000-க்கு மேல், ஆக்சிஜன் 32. அந்தத் தூசி வந்து ஒட்டியதும் முழு மாளிகையும் அசைகிறது. சுவாசிக்கும்போது ஒரு மூலக்கூறு தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதைக் கண்ணால் கண்ட தருணம் அது. இத்தனை வருடம் நடத்திய பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த அசைவு எப்படி நடக்கிறது என்று பெருட்ஸ் 1970-இல் விளக்கினார். ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீம் தட்டின் மட்டத்தில் இருக்காது, சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் ஒட்டியதும் தட்டுக்குள் இழுக்கப்படுகிறது. அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. ஆனால் இரும்பின் மறுபக்கம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரும்பு போனால் ஹிஸ்டிடினும் போகும். ஹிஸ்டிடின் இருக்கும் சுருள் முழுதும் அதோடு நகரும். சுருள் நகர்ந்தால் பக்கத்துச் சங்கிலியோடு உள்ள தொடுப்பு குலையும். சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டி வைத்திருந்த மின் ஈர்ப்புப் பிணைப்புகள் அறுபடும். முடிவில் ஒரு ஜோடிச் சங்கிலி இன்னொரு ஜோடியைப் பார்க்க 15 டிகிரி சுழன்றுவிடும்.

பிள்ளைகளுக்கு விறகுக் கட்டைச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டிய கட்டிலிருந்து முதல் விறகை உருவுவதுதான் கஷ்டம். ஒன்று வந்துவிட்டால் கயிறு தளர்ந்துவிடும், அடுத்தடுத்தவை தானாக வரும். அப்படித்தான் முதல் ஆக்சிஜன் உட்காரச் சிரமப்படுகிறது. அது உட்கார்ந்து பூட்டைத் தளர்த்திவிட்டால் மற்ற இடங்களின் பிடி ஏறுகிறது. நான்காவது இடத்தின் பிடி முதல் இடத்தைவிட நூறு மடங்கு அளவில் கூடுதல். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: ஒன்று இறங்கினால் மற்றவையும் இறங்கப் பார்க்கும், விட்ட பூட்டுகள் திரும்பப் போட்டுக்கொள்ளும். விறகுக் கட்டுக்கு அந்தத் திரும்பும் குணம் கிடையாது. உவமை அதோடு நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எஸ் எழுத்தைப் போல வளைவு வருவது இந்தக் கூட்டு வேலையால்தான். நான்காம் நிலை அமைப்பு என்றால் நான்கு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது என்று மட்டும் எழுத வைக்காதீர்கள். ஒன்றுக்கு நேர்ந்தது மற்ற மூன்றுக்கும் தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பூட்டை இறுக்கும் சாவிகள் உடலிடம் வேறு சிலவும் உண்டு. உழைக்கும் தசையில் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் கூடும். அவை பூட்டை இறுக்குவதால் ஆக்சிஜன் இன்னும் அதிகமாக இறங்கும். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா கிறிஸ்டியன் போர் 1904-இல் கண்டது இது. உழைக்கிற இடமே கூடுதல் கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. இன்னொரு சாவி, சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கும் பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற சின்ன மூலக்கூறு. நான்கு சங்கிலிகளுக்கு நடுவே உள்ள குழியில் ஆப்பு அடித்தது போல உட்கார்ந்து, ஆக்சிஜன் இல்லாத வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும். நம் ஹீமோகுளோபினில் இருக்கும் இரண்டு வகைச் சங்கிலிகளில் ஒன்று பீட்டா. வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் அதற்குப் பதில் காமா என்ற வேறு வகைச் சங்கிலி. அங்கே ஒரு ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருப்பதால் அந்த ஆப்பு சரியாக உட்காராது. அதனால் குழந்தையின் ரத்தத்துக்குப் பிடி கொஞ்சம் கூடுதல். அம்மாவின் ரத்தம் விடுகிற அழுத்தத்திலேயே குழந்தையின் ரத்தம் வாங்கிக்கொள்ளும்.

சரி, இப்போது அம்மாவின் 93-க்கு வருவோம். ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 65, 70-க்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு போச்சு. ரத்தத்தின் கொள்ளளவும் அதே விகிதத்தில் இறங்குவதாக இருந்தால், மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியவர் குன்னூர் தாண்டுவதற்குள் சோர்ந்து சாய்ந்துவிடுவார். ஆனால் வளைவின் மேல் பகுதி ஏறக்குறைய தட்டை. அழுத்தம் 100-லிருந்து 60 வரை வந்தாலும், நிரம்பும் அளவு 98-லிருந்து 90 வரைதான் இறங்கும். ஆக்சிமீட்டர் காட்டுவது இந்த நிரம்பும் அளவைத்தான். அதுதான் அவருடைய 93. சில நாட்கள் அங்கேயே இருந்தால் சிவப்பணுவில் அந்த ஆப்பு மூலக்கூறு கொஞ்சம் கூடி, திசுக்களில் இறக்குவது எளிதாகும். ஆனால் 60-க்குக் கீழே வளைவு செங்குத்தாக இறங்கும். அதனால்தான் ஆக்சிமீட்டரில் 90-க்குக் கீழே போனால் டாக்டர்கள் சும்மா இருப்பதில்லை.

ஆக்சிமீட்டர் என்றதும் ஒரு விஷயத்தை உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது குளிர்ப் பிரதேசம். கணப்புக்காக அடுப்புக்கரியைச் சட்டியில் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவது உயிரைக் குடிக்கும். கரி சரியாக எரியாமல் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு ஹீமோகுளோபின்மேல் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான பிடி. வெறும் ஹீமில் அது 20,000 மடங்கு. புரதத்தின் பள்ளம் அதை அவ்வளவு குறைத்திருக்கிறது, ஆனாலும் போதாது. இங்கே உங்கள் மாணவியின் கேள்வி திரும்ப வருகிறது. ரத்தசோகையால் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவர் களைப்போடாவது நடமாடுவார். பாதி ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டவர் மயங்கி விழுவார், உயிரே போகலாம். இரண்டு பேரிடமும் ஆக்சிஜனுக்கு உரிய இடம் பாதிதானே? வித்தியாசம் எங்கே என்றால், நான்கில் இரண்டு இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்ததும் மூலக்கூறு முழுவதும், பூட்டு தளர்ந்து ஆக்சிஜனை இறுக்கப் பிடிக்கும் வடிவத்துக்குப் போய்விடுகிறது. மிச்ச இரண்டு இடத்தில் இருக்கும் ஆக்சிஜன் தசையில் இறங்க மறுக்கிறது. ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட மயோகுளோபினைப் போல நடந்துகொள்கிறது. சாதாரண ஆக்சிமீட்டரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வீட்டில் போய் இதைச் சொல்லட்டும்.

நீலகிரியில் இருக்கும் ஆசிரியை என்பதால் கதிர் அரிவாள் ரத்தசோகையையும் விட்டுவிட மனமில்லை. இந்தியாவில் இது முதலில் அறியப்பட்டதே உங்கள் மாவட்டத்தின் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் செய்த ஆய்வில். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது மட்டும் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். 1956-57-இல் வெர்னான் இங்கிராம் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைப் பிடிக்கும். தொல்லை வருவது விட்ட பிறகு. ஆக்சிஜன் இறங்கிய வடிவத்தில் அந்த வேலின், பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடுகிறது. குறை ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள், மலேரியாவை எதிர்க்கும் பாதுகாப்பும் உண்டு. இதை நடத்தும்போது ஒரு வேண்டுகோள்: வகுப்பில் யார் எந்த ஊர், எந்தச் சமூகம் என்ற பேச்சே வர வேண்டாம். யாராவது பிள்ளைக்கோ வீட்டிலோ இருக்கலாம். பரிசோதனை எளிது, அரசு மருத்துவமனையில் கேட்கலாம் என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். “அன்னைக்கு நீ கேட்டது சரியான கேள்வி, நான்தான் சரியாப் பதில் சொல்லலை” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, அவள் கையில் ஒரு வரைபடத் தாளைக் கொடுங்கள். மேலே சொன்ன மூன்று வரிசை எண்களுக்கும் மூன்று கோடு அவளே போடட்டும். மற்றவர்கள் எவ்வளவு இறங்குகிறது என்று கழித்துச் சொல்லட்டும். அரை மணி நேரம் போதும். பாடம் முடிக்க நேரமில்லை என்பீர்கள், தெரியும். இந்த அரை மணி நேரத்துக்கு அப்புறம் சுவாசப் பாடத்தில் அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.

கோடு போட்டு முடித்ததும் அவள் அடுத்த கேள்வியோடு வருவாள் என்று நினைக்கிறேன்: நாலு சங்கிலிதான் வேணுமா, ரெண்டு போதாதா? போதும் என்று சொல்லுங்கள். ரத்தம் சிவப்பாக இருக்கும் ஒரு வகைக் கடல் சிப்பியில் இரண்டே சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின் இருக்கிறது. அங்கேயும் ஒன்றில் ஆக்சிஜன் உட்கார்ந்தால் மற்றொன்றுக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சிப்பி தன் சங்கிலிகளைச் சேர்த்திருக்கும் முறை நம்முடையது அல்ல, வேறு பக்கத்தை வேறு பக்கத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. அதன் வளைவு நம்முடையதைவிடச் செங்குத்தாக இருக்குமா, குறைவாக இருக்குமா என்று அவளையே யோசித்து வரையச் சொல்லுங்கள்.